நிகழாத சந்திப்பு: 1588ஆம் ஆண்டு ஸ்பானியக் கடற்படையெடுப்பு – ஒரு மறுநோக்கு

ஐரோப்பிய வரலாற்றில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1588ஆம் ஆண்டு இங்கிலாந்தின்மீது ஏவிய பெருங்கப்பற்படையின் தோல்வியாகும். பொதுவாக வழங்கும் கதை எளிமையானது. சிறியதொரு தீவு நாடு. அதனை விழுங்க வந்ததொரு பேரரசு. விரைந்து செல்லும் ஆங்கிலக் கப்பல்களும் வேளையறிந்து வீசிய புயற்காற்றும் சேர்ந்து பேரரசை விரட்டின. அன்று தொட்டு இங்கிலாந்து கடலரசி ஆயிற்று. வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கத்தக்க கதை இது.

இக்கதை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அது வினாவைத் தவறான இடத்தில் வைக்கிறது. படையெடுப்பின் நோக்கம் கடலில் வெல்வது மட்டுமன்று. பகைவர் கரையில் படையை இறக்குவதாகும். எனவே எழுப்ப வேண்டிய வினா, கடற்போரில் யார் வென்றனர் என்பதன்று. கைதியாகவோ, கப்பல் உடைந்து கரையொதுங்கியவனாகவோ அன்றி, ஒரு ஸ்பானிய வீரனேனும் ஏன் இங்கிலாந்து மண்ணில் கால் வைக்கவில்லை என்பதே. இவ்வினாவிற்கான விடையை ஆங்கிலப் பீரங்கிகளிலும் வடகடற் காற்றிலும் தேடுவதற்கு முன்னர், எஸ்கோரியல் அரண்மனையின் கடிதக் கட்டுகளிலும் டன்கர்க் துறைமுகத்தின் முன்னுள்ள ஆழமற்ற கடலிலும் தேடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாள்கள் பற்றி ஒரு சொல். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் வெளியிட்ட புதிய நாட்காட்டியை ஸ்பெயின் உடனே ஏற்றுக்கொண்டது, இங்கிலாந்து ஏற்கவில்லை. இதனால் இரு நாட்டு ஆவணங்களிலும் பத்து நாள் வேறுபாடு காணப்படும். வெவ்வேறு நூல்களில் ஒரே போருக்கு இரு நாள்கள் தரப்பட்டிருப்பதைக் கண்டு மாணவர் மயங்குவது இதனாலேயே. இக்கட்டுரை புதிய நாட்காட்டியைப் பின்பற்றுகிறது.

பகையின் தோற்றம்

இரண்டாம் பிலிப் ஒருகாலத்தில் இங்கிலாந்தின் அரசியார் மேரியின் கணவராக இருந்தவர். 1554இல் நடந்த அத்திருமணம் 1558இல் மேரியின் மறைவோடு முடிந்தது. அவருக்குப்பின் அரியணை ஏறிய எலிசபெத் புராட்டஸ்டண்டு சமயத்தை நிலைநாட்டினார். எனினும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரு நாடுகளும் நேர்ப்போரைத் தவிர்த்தே வந்தன. சமய வேறுபாடு மட்டும் போருக்குப் போதுமான காரணமாக இருந்திருப்பின் இத்தனை ஆண்டுக்காலம் அது காத்திருந்திராது.

நிலைமையை மாற்றியது நெதர்லாந்து. அங்கே பிலிப்பின் ஆட்சிக்கெதிராக எழுந்த கிளர்ச்சிக்கு, 1585 ஆகஸ்டில் கையெழுத்தான நான்சச் உடன்படிக்கையின்படி எலிசபெத் படையும் பணமும் அனுப்பினார். அதற்கு ஈடாக டச்சுக்காரர் பிளஷிங், பிரில் ஆகிய துறைமுக நகரங்களை ஆங்கிலக் காவற்படையிடம் பிணையாக ஒப்படைத்தனர். அன்று சிறிய செய்தியாகத் தோன்றிய இது, மூன்றாண்டுகளுக்குப்பின் பெரிதாயிற்று. அதே ஆண்டில் பிரான்சிஸ் டிரேக் ஸ்பெயினின் கலிசியக் கரையையும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் சாந்தோ தொமிங்கோ, கார்த்தகேனா நகரங்களையும் சூறையாடினார். 1587 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரி இங்கிலாந்தில் தலை துண்டிக்கப்பட்டார். அதற்கு முன்னரே பிலிப் முடிவெடுத்துவிட்டார். அந்நிகழ்ச்சி அவருக்கு ஒரு நியாயத்தை மட்டுமே சேர்த்துத் தந்தது.

பிலிப்பின் கடல்வலிமையைப் பற்றிக் கூறும்போது மறக்கலாகாத ஒன்று உண்டு. 1580இல் போர்ச்சுகல் அரசும் அவர் கைக்கு வந்தது. லிஸ்பன் துறைமுகமும், போர்ச்சுகீசியரின் போர்க்கப்பல்களும், கோவா முதல் மலாக்கா வரையிலான கீழைக்கடல் நிலையங்களும் ஒரே மன்னரின் கீழ் வந்தன. டிரேக் ஸ்பானியக் கரைகளைத் தாக்கிய அதே 1587ஆம் ஆண்டில், இம்மன்னரின் பெயரால் போர்ச்சுகீசியர் நம் பகுதியில் ஜொகூர் லாமாவை அழித்தனர். இங்கிலாந்தை நோக்கிச் சென்ற கப்பற்படையின் தலைமைக் கப்பலாகிய சான் மார்த்தின் போர்ச்சுகீசியக் கப்பலே.

இரு திட்டங்கள், ஒரு மன்னர்

இங்கிலாந்தின்மீது படையெடுக்க மன்னரின்முன் இரு திட்டங்கள் வைக்கப்பட்டன. முதலாவது, கடற்படைத் தலைவர் சாந்தா குரூஸ் பிரபு 1586இல் அளித்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களில், தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோரை ஸ்பெயினிலிருந்தே ஏற்றிச்சென்று நேரே இங்கிலாந்தில் இறக்குவது. செலவு ஏறத்தாழ நாற்பது இலட்சம் டூகட் பொற்காசுகள். திட்டம் தெளிவானது, ஆனால் எந்தக் கருவூலமும் தாங்க முடியாதது.

இரண்டாவது திட்டம் நெதர்லாந்தில் ஆளுநராக இருந்த பார்மா கோமகன் அலெக்சாந்தர் பார்னீசு உடையது. அக்காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த தரைப்படைத் தளபதி என அவரைக் கூறுவர். தம்மிடமுள்ள வீரர் முப்பதினாயிரவரைத் தட்டையான அடியுடைய படகுகளில் ஏற்றி, பகைவர் அறியாவண்ணம் ஓரிரவில் கால்வாயைக் கடந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். இதற்குச் செலவு குறைவு. ஆனால் இரகசியம் இன்றியமையாதது.

ஒவ்வொரு திட்டத்திற்கும் தனக்கென ஓர் உள்ளியைபு இருந்தது. ஒன்று பேராற்றலை நம்பியது. மற்றொன்று திடீர்த்தன்மையை நம்பியது. பிலிப் செய்தது இரண்டையும் இணைத்ததுதான். ஸ்பெயினிலிருந்து புறப்படும் கப்பற்படை கால்வாய் வழியே சென்று பார்மாவின் படையைச் சந்திக்க வேண்டும். அதன் காவலில் பார்மாவின் படகுகள் கெண்ட் கரைக்குக் கடக்க வேண்டும். இவ்விணைப்பில், சாந்தா குரூசின் திட்டத்திலிருந்த பேராற்றல் பாதியாகக் குறைந்தது. பார்மாவின் திட்டத்திலிருந்த திடீர்த்தன்மை முற்றிலும் மறைந்தது. இரண்டுக்கும் பதிலாகப் புதியதொரு தேவை தோன்றியது. அதுவே சந்திப்பு.

சந்திப்பு எங்கே, எவ்வாறு நிகழும்? பெரிய போர்க்கப்பல்கள் நிற்க ஆழமான துறைமுகம் வேண்டும். பார்மாவின் கையிலிருந்த டன்கர்க், நியூபோர்ட் துறைகளின் முன்னே மணற்திட்டுகள் நீண்டு கிடந்தன. பெருங்கப்பல்கள் அவற்றை அணுக முடியாது. அப்பகுதியில் ஆழமான நல்ல துறைமுகம் பிளஷிங். அதில் 1585 முதல் ஆங்கிலக் காவற்படை இருந்தது. மறுபுறம், பார்மாவின் படகுகள் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் செல்லத்தக்கவை; பீரங்கி தாங்காதவை. அவை ஆழமற்ற நீரைத் தாண்டித் திறந்த கடலுக்கு வருமுன் ஜஸ்டின் நசாவு தலைமையிலான டச்சுச் சிறுகப்பல்கள் அவற்றை மூழ்கடித்துவிடும். கப்பற்படையோ டச்சுக்காரரை விரட்ட அந்நீருக்குள் நுழைய இயலாது. சுருங்கக் கூறின், பெரியது உள்ளே வர முடியாது; சிறியது வெளியே வர முடியாது.

இத்தடையைப் பார்மா அறியாதவர் அல்லர். தம் படகுகளால் டச்சுக் கப்பல்களை எதிர்கொள்ள இயலாது என்பதை மன்னருக்குப் பலமுறை எழுதினார். ஆனால் அக்கடிதங்கள் எஸ்கோரியலுக்குச் சென்றன; கப்பற்படைத் தலைவருக்குச் செல்லவில்லை. இரு தளபதிகளும் நேரில் சந்தித்துத் திட்டமிட்டதே இல்லை. இருவருக்கும் இடையிலிருந்த ஒரே இணைப்பு, மேசையில் அமர்ந்து நாள்தோறும் கடிதங்களைத் தாமே படித்து ஓரங்களில் குறிப்பெழுதிய மன்னர். எல்லாச் செய்தியும் அறிந்த ஒருவர் களத்திலிருந்து நெடுந்தொலைவில் இருந்தார். களத்தில் இருந்த இருவரும் பாதிப்பாதியே அறிந்திருந்தனர். மன்னரின் உழைப்பைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வுழைப்பே தடையாக முடிந்தது என்பதுதான் இங்குள்ள முரண்.

பீப்பாய்களும் பட்டியல்களும்

1587 ஏப்ரல் இறுதியில் டிரேக் காதிஸ் துறைமுகத்துள் நுழைந்து, ஸ்பானியக் கணக்கின்படியே இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களை அழித்தார். இச்செயல் புகழ்பெற்றது. இதனினும் பெரிய சேதத்தை அவர் பின்னர் புனித வின்சென்ட் முனையருகே விளைவித்தார் எனலாம். கரையோரக் கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்ட, நன்கு உலர்ந்த பீப்பாய்ப் பலகைகளை அவர் பெருமளவில் எரித்தார். கடற்பயணத்தில் நீர், மது, பிஸ்கோத்து, உப்பிட்ட இறைச்சி, மீன் ஆகிய அனைத்தும் பீப்பாய்களில்தான் வைக்கப்படும். மரம் உலர ஆண்டுக்கணக்காகும். அடுத்த ஆண்டு ஈரமரத்தால் செய்த பீப்பாய்கள் கசிந்தன; நீர் கெட்டது, உணவு அழுகியது. போர் வரலாறு எழுதுவோர் பீரங்கிகளை எண்ணும் அளவுக்குப் பீப்பாய்களை எண்ணுவதில்லை.

அதே பயணத்தின் முடிவில், 1587 ஜூனில், அசோர்ஸ் தீவுகளருகே கீழை நாடுகளிலிருந்து மிளகும் நறுமணப் பொருள்களும் பட்டும் ஏற்றிவந்த சான் பெலிப்பே என்னும் போர்ச்சுகீசியப் பெருங்கப்பலை டிரேக் கைப்பற்றினார். அச்சரக்கின் மதிப்பு ஒரு இலட்சம் பவுனுக்கும் மேல். கீழைக்கடல் வாணிகம் எத்தகைய வளமுடையது என்பதை இலண்டன் வணிகர் கண்ணால் கண்டது இங்ஙனமே.

1588 பிப்ரவரியில் சாந்தா குரூஸ் இறந்தார். அவரிடத்தில் மன்னர் அமர்த்திய மெதினா சிதோனியா கோமகன், தமக்குக் கடற்பயணம் ஒவ்வாதென்றும், கடற்போரில் அனுபவம் இல்லையென்றும் எழுதிப் பொறுப்பை மறுத்தார். மறுப்பு ஏற்கப்படவில்லை. பிற்காலத்தார் இக்கடிதத்தைக் காட்டி அவரை இழிவுசெய்தனர். ஆயின் குழப்பத்தில் கிடந்த கப்பற்படையைச் சில மாதங்களில் புறப்படத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1959இல் காரெட் மாட்டிங்லி எழுதிய புகழ்பெற்ற நூல் அவர்க்குரிய மதிப்பைப் பெருமளவு மீட்டுத் தந்தது.

மே மாதத்தில் லிஸ்பனில் ஒரு பட்டியல் அச்சிடப்பட்டது. 130 கப்பல்கள், 2,431 பீரங்கிகள், 8,050 மாலுமிகள், 18,973 போர்வீரர் என அது விரிகிறது. படையெடுப்பின் விவரத்தை அச்சிட்டு வெளியிடுவது இன்று நமக்கு வியப்பளிக்கலாம். பகைவரை அச்சுறுத்துவதே அதன் நோக்கம். மாலுமிகளைவிடப் போர்வீரர் இருமடங்கினர் என்பது கவனிக்கத்தக்கது. இது கடலில் செல்லும் தரைப்படை. கப்பலோடு கப்பலை இணைத்து, தாவி ஏறிப் போரிடுவதற்காக அமைக்கப்பட்டது.

மே இறுதியில் புறப்பட்ட படை காற்றாலும் உணவுக்கேட்டாலும் ஜூனில் லா கொருஞ்ஞாவில் ஒதுங்கியது. அங்கிருந்து மெதினா சிதோனியா மன்னருக்கு எழுதினார்: கப்பல்கள் சிதறிவிட்டன, வீரர் நோயுற்றுள்ளனர், பகைவரோடு உடன்பாடு காண்பதே நன்று என்பது அக்கடிதத்தின் சாரம். அஞ்சியவரின் கடிதமென இதனை ஒதுக்கிவிட இயலாது. நிலைமையை நேரில் கண்டவரின் கணிப்பு இது. புறப்படுமாறே ஆணை வந்தது.

கால்வாயில் ஒரு வாரம்

ஜூலை 29 அன்று கார்ன்வாலின் லிசார்டு முனையருகே படை காணப்பட்டது. ஆங்கிலப் படையின் தலைவர் ஹோவர்டு பிரபு. அவரின் கீழ் டிரேக், ஹாக்கின்ஸ், பிராபிஷர். அரசியின் கப்பல்கள் 34 மட்டுமே, ஏனையவை வணிகருடையவை. பத்தாண்டுகளாகக் கடற்படையின் பொருளாளராக இருந்த ஹாக்கின்ஸின் காலத்தில், கப்பலின் முன்னும் பின்னும் கோட்டைபோல் எழுந்த மேற்கட்டுகள் தாழ்த்தப்பட்டு, உடல் நீட்டப்பட்டு, விரைவு கூட்டப்பட்டிருந்தது. ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 4 வரை பிளிமத், போர்ட்லாந்து, வைட் தீவு ஆகிய இடங்களில் போர்கள் நடந்தன. ஆங்கிலேயர் காற்று வரும் பக்கத்தைப் பற்றிக்கொண்டு தொலைவிலிருந்து சுட்டனர், ஸ்பானியர் நெருங்க முயன்றனர், ஆங்கிலேயர் நெருங்கவிடவில்லை.

இவற்றின் விளைவு என்ன? பிறைவடிவ அணிவகுப்பு குலையவில்லை. ஸ்பானியர் இழந்த இரு பெருங்கப்பல்களுள் சான் சால்வதோர் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. ரொசாரியோ தன் கப்பல்களோடேயே மோதிப் பாய்மரம் ஒடிந்து பின்தங்கியது. அதைக் கைப்பற்றிய டிரேக், அவ்விரவில் ஆங்கிலப் படைக்கு வழிகாட்டும் விளக்கை ஏந்திச் செல்ல வேண்டிய பொறுப்பிலிருந்தவர். விளக்கை அணைத்துவிட்டுக் கொள்ளைக்குச் சென்றார். கப்பலில் பொற்காசுப் பேழை இருந்தது. நாட்டைக் காக்கும் போருக்கும் கொள்ளைக்கும் இடையே அக்காலத்தில் தெளிவான எல்லை இல்லை.

ஆகஸ்ட் 6 அன்று கப்பற்படை கலே நகரின் முன் நங்கூரமிட்டது. மன்னரின் ஆணையில் சொல்லப்பட்டபடியே பகைவரைக் கடந்து, அணி குலையாமல், சந்திப்பிடத்துக்கு அணுக்கமாக வந்தாயிற்று. இதுவரை வென்றவர் மெதினா சிதோனியாவே எனலாம்.

கலே: ஆறு நாள்களின் இடைவெளி

டன்கர்க் அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவு. பார்மா புரூஜ் நகரில் இருந்தார். வழிநெடுக மெதினா சிதோனியா சிறுபடகுகளில் தூதரை அனுப்பியிருந்தார். ஆனால் கடிதத்தைக் கொண்டுசென்ற படகையும், அக்கடிதத்தை எழுதியவரின் கப்பலையும் செலுத்தியது ஒரே காற்று. கப்பற்படை நெருங்கிவிட்டது என்னும் செய்தி பார்மாவுக்குக் கிடைத்தபோது அது ஏறக்குறைய வந்தே விட்டது. தம் வீரர் ஏறத்தாழ 27,000 பேரையும் படகுகளில் ஏற்ற ஆறு நாளாகும் என்ற மறுமொழி வந்தது.

இங்கேதான் இரு தளபதிகளும் ஒருவரையொருவர் எவ்வாறு தவறாக எண்ணியிருந்தனர் என்பது வெளிப்பட்டது. பார்மா கடலில் வந்து தம்மோடு சேர்வார், டச்சுக்காரரை விரட்டத் தம் சிறுகப்பல்களை அனுப்புவார் என மெதினா சிதோனியா நம்பியிருந்தார். கப்பற்படை வந்து டச்சுக்காரரை விரட்டித் தமக்கு வழி திறக்கும் என்று பார்மா நம்பியிருந்தார். இருவர் கையிலும் அதற்குரிய கருவி இல்லை. காற்றும் நீரோட்டமும் மாறும் திறந்த கடலில், பின்னே ஆங்கிலப் படை நிற்க, துறைமுகமற்ற கப்பற்படை ஆறு நாள் காத்திருக்கவும் இயலாது.

ஆகஸ்ட் 7ஆம் நாள் நள்ளிரவில் ஆங்கிலேயர் எட்டுக் கப்பல்களுக்குத் தீமூட்டி, காற்றோடும் நீரோட்டத்தோடும் அனுப்பினர். எந்தக் கப்பலும் எரியவில்லை. ஆனால் தப்பும் அவசரத்தில் ஸ்பானியர் நங்கூரக் கயிறுகளை அறுத்துவிட்டனர். அவ்விரவில் கலேயின் கடலடியில் விடப்பட்ட நங்கூரங்களின் விலை, இரு மாதங்களுக்குப்பின் அயர்லாந்தில் தெரிந்தது.

மறுநாள் கிரேவ்லைன்சு அருகே நடந்த போரே உண்மையில் கடுமையானது. இம்முறை ஆங்கிலேயர் மிக நெருங்கிச் சுட்டனர். ஸ்பானியக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது; சான் பெலிப்பே, சான் மத்தேயோ ஆகிய இரு போர்ச்சுகீசியக் கப்பல்கள் மணலில் ஏறி டச்சுக்காரரிடம் சிக்கின. மாண்டவர் பலநூற்றுவர். ஹோவர்டோ போரின் தொடக்கத்தில் சில மணிநேரம் கலே கரையில் தரைதட்டிய ஒரு கப்பலைக் கொள்ளையிடுவதில் கழித்தார்.

ஸ்பானியப் பீரங்கிகள் ஏன் பயன்படவில்லை என்னும் வினாவிற்கு அண்மைக்கால ஆய்வு தந்த விடை சுவையானது. 1960களின் பிற்பகுதி முதல் அயர்லாந்துக் கடற்கரையில் இப்படையின் கப்பல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றையும் ஸ்பானியக் கணக்கேடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த காலின் மார்ட்டின், ஜெப்ரி பார்க்கர் ஆகியோர், குண்டுகள் தீர்ந்துபோனதால் ஸ்பானியர் தோற்கவில்லை. குண்டுகள் பெருமளவில் மிஞ்சியே இருந்தன எனக் காட்டினர். சில கப்பல்களில் ஒரு பீரங்கி ஒரு நாளில் இருமுறைகூடச் சுடப்படவில்லை. தரைப்போருக்குரிய பெரிய வண்டிகளில் ஏற்றப்பட்ட பீரங்கிகளைக் குறுகிய தளத்தில் பின்னிழுத்து மருந்திட இடமில்லை. மேலும், ஒருமுறை சுட்டவுடன் வீரர் தாவியேறும் இடத்துக்குச் சென்றுவிடும்படியே பயிற்சி இருந்தது. ஆங்கிலேயரின் பீரங்கிகள் நான்கு சிறு சக்கரமுடைய மேடைகளில் இருந்தன. வேறுபாடு வீரத்தில் அன்று. தச்சுவேலையிலும் பழக்கத்திலும் இருந்தது.

இருப்பினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கிரேவ்லைன்சில் ஸ்பானியர் வென்றிருப்பின் படையெடுப்பு நிகழ்ந்திருக்குமா? டச்சுச் சிறுகப்பல்கள் அப்போதும் ஆழமற்ற நீரில் காத்திருந்திருக்கும்; பார்மாவின் படகுகள் அப்போதும் வெளிவர முடியாதிருந்திருக்கும். பார்மா ஆகஸ்ட் 8ஆம் நாள் வீரர்களைப் படகில் ஏற்றத் தொடங்கினார். அப்போது சந்திக்க வேண்டிய கப்பற்படை கிழக்கே அடித்துச் செல்லப்பட்டுக் கொண்டிருந்தது.

திரும்பியோரும் திரும்பாதோரும்

ஆகஸ்ட் 9 அன்று சீலாந்து மணற்திட்டுகளில் மோதவிருந்த கப்பற்படையைக் காற்று திசைமாறிக் காப்பாற்றியது. ஸ்பானியரை அழித்த காற்று என்று பேசுவோர், அவர்களைக் காத்த இக்காற்றைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. தெற்கே திரும்ப வழியில்லாமையால், ஸ்காட்லாந்தைச் சுற்றி அட்லாண்டிக் வழியே திரும்ப முடிவாயிற்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை ராத்தல் பிஸ்கோத்து. சிறிதளவு நீர், மது. நீரைச் சேமிக்கக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கடலில் தள்ளப்பட்டன.

அயர்லாந்துக் கரையை அணுகவே கூடாது என மெதினா சிதோனியா ஆணையிட்டிருந்தார். ஆனால் கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்பதைக் கடலில் கணிக்கும் முறை அக்காலத்தில் இல்லை. நீரோட்டம் கிழக்கே தள்ளியது. சிதைந்த கப்பல்களால் காற்றை எதிர்த்துச் செல்ல முடியவில்லை. கரையருகே நின்று காற்று மாறக் காத்திருக்க நங்கூரம் இல்லை. ஏறத்தாழ இருபத்தைந்து கப்பல்கள் அயர்லாந்தின் பாறைகளில் உடைந்தன. ஸ்லைகோ மாவட்டத்தின் ஸ்ட்ரீடா கடற்கரையில் ஒரே நாளில் மூன்று கப்பல்கள் சிதறின. அவற்றுள் லா ஜூலியானாவின் வெண்கலப் பீரங்கிகள் 2015இல் வெளிக்கொணரப்பட்டன. அங்கே உயிர்தப்பி ஆண்ட்வெர்ப் சேர்ந்த பிரான்சிஸ்கோ தெ குவேயார் 1589இல் எழுதிய நெடுங்கடிதம் இன்றும் படிப்போர் நெஞ்சை உருக்குவது. ஆன்ட்ரிம் கரையில் அக்டோபர் இறுதியில் உடைந்த கிரோனாவில் சுமார் 1,300 பேர் இருந்தனர். அவர்களுள் பலர் ஏற்கெனவே உடைந்த வேறு கப்பல்களிலிருந்து தப்பி அதில் ஏறியவர்கள். பிழைத்தோர் பத்துப்பேருக்கும் குறைவு. கரையேறியவர்களுள் நூற்றுக்கணக்கானோரை ஆங்கில அதிகாரிகள் கொன்றனர்.

மெதினா சிதோனியா செப்டம்பரில் சாந்தாந்தேர் வந்து சேர்ந்தார். புகழ்பெற்ற தளபதிகளாகிய ரெகால்தேயும் ஒகேந்தோவும் தாயகம் திரும்பியும் அக்டோபருக்குள் இறந்தனர். கப்பல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்பவில்லை.

வென்றவர் நிலை என்ன? போரில் இறந்த ஆங்கிலேயர் மிகச் சிலரே. ஒரு போர்க்கப்பலும் இழக்கப்படவில்லை. ஆனால் போர் முடிந்த சில நாளிலேயே கப்பல்களில் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவின. மார்கேட் துறையில் இறக்கப்பட்ட மாலுமிகள் தங்க இடமின்றித் தெருக்களிலேயே மடிகின்றனர் என ஹோவர்டு அரசின் பொருளாளர் பர்லி பிரபுவுக்கு எழுதினார். ஊதியம் தரப்படாததால் அவர்களைக் கலைத்து அனுப்பவும் இயலவில்லை. பர்லியோ, இத்தனைபேர் இறந்த பின்னும் ஊதியக் கணக்கு ஏன் குறையவில்லை என வியந்து எழுதியவர். இதனைக் கொடுமை என எளிதில் கூறிவிடலாம். அவர் காத்து நின்ற கருவூலமும் காலியாகவே இருந்தது. ஹோவர்டு தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். ஓரிரு ஆண்டுகளில், காயமுற்ற மாலுமிகளுக்கென சேத்தம் நிதி என்னும் அமைப்பு தோன்றியது. அந்நிதி திரட்டப்பட்டது மாலுமிகளின் மாத ஊதியத்திலிருந்தே.

கதை உருவான விதம்

எலிசபெத் டில்பரி முகாமில் படைகளின்முன் ஆற்றியதாகக் கூறப்படும் வீரவுரையைப் பலரும் அறிவர். அவர் அங்குச் சென்றது ஆகஸ்ட் 18, 19 ஆகிய நாள்களில். அப்போது கப்பற்படை வடகடலையும் கடந்துகொண்டிருந்தது. இன்று மேற்கோள் காட்டப்படும் உரைவடிவம் 1654இல்தான் அச்சேறியது. உரையே நிகழவில்லை என்பதற்கில்லை; ஆனால் பகைவர் வாயிலில் நிற்க அரசி முழங்கியதாக அதனைக் கற்பிப்பது காலமுறைக்கு ஒவ்வாது. வெல்லற்கரிய கடற்படை என்னும் பெயரும் ஸ்பெயின் அதிகாரபூர்வமாகச் சூட்டியதன்று. தோல்விக்குப்பின் பகைவர் ஏளனமாக வழங்கியது நிலைத்துவிட்டது. டச்சுக்காரர் வெளியிட்ட பதக்கமோ, இறைவன் ஊதினான், அவர்கள் சிதறினர் என்னும் பொருள்பட இலத்தீனில் பொறித்தது. மறுபக்கம், பாரிசிலிருந்த ஸ்பானியத் தூதர் மெந்தோசா வெற்றிச் செய்தியையே பரப்பிக்கொண்டிருந்தார். திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் மட்டும் நிதானமாக இருந்தார். ஸ்பானியப் படை இங்கிலாந்தில் இறங்கிய பின்னரே தருவதாக அவர் ஒப்பிய பத்து இலட்சம் டூகட் கொடுக்கப்படவே இல்லை.

கடலாட்சி ஒரே ஆண்டில் கைமாறியது என்பதும் ஏற்கத்தக்கதன்று. 1589இல் டிரேக்கும் நோரிசும் பெரும்படையோடு லா கொருஞ்ஞாவையும் லிஸ்பனையும் தாக்கிப் பல்லாயிரவரை இழந்து வெறுங்கையோடு திரும்பினர். 1596இலும் 1597இலும் பிலிப் மீண்டும் கப்பற்படைகளை அனுப்பினார். இரண்டையும் புயல் சிதைத்தது. 1601இல் ஸ்பானியர் அயர்லாந்தின் கின்சேலில் இறங்கியே விட்டனர். போர் 1604இல் இலண்டன் உடன்படிக்கையோடுதான் முடிந்தது. அதற்குள் பிலிப்பும் எலிசபெத்தும் இறந்துவிட்டனர்.

இங்கு வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு சிறு தொடர்பும் உண்டு. 1588இல் டிரேக்கின் கீழ் போரிட்ட வணிகக் கப்பல்களுள் ஒன்று எட்வர்டு பொனவென்சர். அதன் தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர். 1591இல் அவர் அதே கப்பலோடும் வேறு இரு கப்பல்களோடும் கீழைக்கடல் நோக்கிப் புறப்பட்டார். நோயுற்றோரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நன்னம்பிக்கை முனைப் பகுதியிலிருந்து திரும்பியது. மற்றொன்று புயலில் மறைந்தது. எஞ்சிய எட்வர்டு பொனவென்சர் 1592 ஜூனில் பினாங்குத் தீவை அடைந்து, நோயாளிகளைக் கரையிறக்கி, மழைக்காலம் முழுவதும் அங்கே தங்கியது. பின்னர் மலாக்கா நீரிணையில், மன்னர் பிலிப்பின் குடிகளாகிய போர்ச்சுகீசியரின் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கக் காத்திருந்தது.